விளக்கும் விரதமும்

கேள்வி: என் மைத்துனர் பொறியியல் படித்தவர். ஆண்டுதோறும் மாலையணிந்து, 41 நாள் விரதமிருந்து, அச்சன்கோவில் வழியே சபரிமலைக்குச் செல்கிறார். மகர சங்கராந்தி மாலையில் எதிர்மலையில் தெரியும் மகரவிளக்கை மனிதர்களே ஏற்றுகிறார்கள் என்று தெரிந்த பின்னும் நிறுத்தவில்லை. சமய நம்பிக்கை பகுத்தறிவுக்கு ஒவ்வாதது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?
— ஒரு வாசகர், செங்கோட்டை

பதில்: வேண்டும். பகுத்தறிவு என்னும் சொல் நம் பக்கத்தில் கடவுள் மறுப்புக்கு மறுபெயராகிவிட்டதால், பகுத்த பிறகே அறிய வேண்டும் என்பது மறந்துபோயிற்று. நீங்களோ விளக்கையும் விரதத்தையும் ஐயப்பனையும் ஒரே இருமுடியில் கட்டிவிட்டீர்கள்.

மகரஜோதி விண்மீன், மகரவிளக்கு ஏற்றப்படும் தீபம் என்று சபரிமலையின் தலைமைப் பூசகரான தந்திரியே 2008இல் விளக்கினார். 2011 ஜனவரி 14 அன்று விளக்கைக் கண்டு திரும்பியோரில் நூறு பேருக்கு மேல் புல்மேட்டு நெரிசலில் மாண்ட பிறகு, சபரிமலைக்கு எதிரேயுள்ள பொன்னம்பலமேட்டில் அதை ஏற்றுபவர்கள் மனிதர்களே என்று, கோயிலை நிர்வகிக்கும் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு கேரள உயர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. இதன் பின்னும் அது தானே தோன்றும் ஒளி என்று சாதிப்பவருக்காக நான் வாதாட மாட்டேன். ஆனால் நீங்களும் பொன்னம்பலமேட்டில் ஏறிப் பார்த்தவரல்லர். போர்டின் சொல்லை நம்புகிறீர்கள். தனக்கே பாதகமானதை ஒப்புக்கொள்பவர் பொய் சொல்லக் காரணம் இல்லையாதலால், அந்த நம்பிக்கை தகுந்ததே. பிறர் சொல்லை ஏற்பது அறிவுக்குப் புறம்பன்று. சொல்பவரை எடைபோடாமல் ஏற்பதுதான் புறம்பு.

வஞ்சி மாநகரில் சமயவாதிகள் ஒவ்வொருவரையும் கேட்டுவரும் மணிமேகலை, கண்ணால் காண்பதை மட்டுமே ஏற்கும் பூதவாதியிடம், உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் எவ்வாறு அறிவாய் என்று மடக்குகிறாள். சைவ சித்தாந்திகளும் காட்சி, கருதல் (அனுமானம்), உரை (நூலின் சொல்) என அறியும் வழிகளை, அதாவது அளவைகளை, வகுத்துக்கொண்டே பதியாகிய இறைவனைப் பற்றிப் பேசினார்கள். சமயம் வாதத்துக்கு அஞ்சியது என்பது படிக்காதவர் பேச்சு. அது தடுமாறும் இடம் உரை. ஒவ்வொரு சமயத்துக்கும் ஒரு நூல் இருக்க, என் நூலை மட்டும் ஏன் நம்ப வேண்டும் என்பதற்கு அந்நூலுக்கு வெளியே நின்று விடை சொன்னவர்களை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

உங்கள் மைத்துனரின் மாலை விளக்கை நம்பிப் போட்டதானால், 2011இலேயே கழன்றிருக்க வேண்டும். புலாலும் மதுவும் விட்டு, தரையில் படுத்து, எதிர்ப்படுவோரையெல்லாம் சாமி என்று அழைக்கும் அந்த 41 நாள் ஒழுக்கத்துக்காகப் போட்டதானால், விளக்கைப் பற்றிய உண்மை அதை அசைக்காது. ஐயப்பன் உண்டா என்பது தனி வழக்கு. அதற்கு விளக்கை வைத்துத் தீர்ப்பெழுத முடியாது, உங்கள் பக்கமும் சரி, அவர் பக்கமும் சரி. நான் மன்னிக்காதது ஒன்று: கேள்வி எழும்போது வெறும் அடையாளம் என்பதும், கூட்டம் சேரும்போது அற்புதம் என்பதும்.

அவர் மலையிறங்கி வந்ததும், அந்த விளக்கை யார் ஏற்றுகிறார்கள் என்று வீட்டுப் பிள்ளை ஒன்று கேட்கட்டும். உள்ளதைச் சொல்லிவிட்டு அடுத்த கார்த்திகையிலும் மாலையணிவாரானால், அவரோடு நீங்கள் வழக்காடலாம். பகுத்தறிவற்றவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.