மின்துடிப்பு கொடுத்தால் பெருங்குடல் புற்றுநோய்க்குக் கீமோ ஆயிரம் மடங்கு வேலை செய்யுமா?

கேள்வி கேட்டவரின் மாமாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய், கீமோ ஓடிக்கொண்டிருக்கிறது. "கரண்ட் கொடுத்தால் மருந்து ஆயிரம் மடங்கு வேலை செய்யும்" என்று வாட்ஸ்அப்பில் வந்ததை வைத்துக் கேட்டிருக்கிறார்.

பாதி உண்மை. கீமோ மருந்தோடு சேர்த்துக் கட்டிக்கு மின்துடிப்பு கொடுக்கும் இந்த முறைக்கு எலக்ட்ரோகீமோதெரபி என்று பெயர். அந்த மடங்குக் கணக்கு ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களுக்கு உரியது, அதுவும் பிளியோமைசின் என்ற ஒரே கீமோ மருந்துக்கு. உங்கள் மாமாவுக்கு ஏறுவது அநேகமாக 5-எஃப்யூ, ஆக்ஸாலிபிளாட்டின் என்ற வேறு கீமோ மருந்துகளாக இருக்கும்.

நான் டாக்டர் இல்லை. பாக்டீரியாவுக்குள் டிஎன்ஏ நுழைக்க மின்துடிப்பு கொடுக்கும் இதே வித்தையைப் பல வருஷம் ஆய்வகத்தில் செய்தவன். ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு உலோகத் தகடு பதித்த சின்னக் குப்பி, அதில் ஐஸில் வைத்த செல்கள், 1800 வோல்ட், பட்டனை அழுத்தினால் ஒரு பீப், அவ்வளவுதான். செல்களைக் கழுவும்போது துளி உப்பு மிஞ்சியிருந்தால் பீப்புக்குப் பதில் 'பட்'டென்று பொறி வெடிக்கும், அன்றைய வேலை காலி. முதல் மாதம் எனக்கு பீப்பைவிட 'பட்'தான் அதிகம்.

பீப் அடிக்கும் அந்த ஒரு கணத்தில் செல்லைச் சுற்றியுள்ள கொழுப்புச் சவ்வில் நுண்ணிய ஓட்டைகள் விழுகின்றன. வோல்டேஜ் அளவோடு இருந்தால் கொஞ்ச நேரத்தில் அவை தானாக மூடிக்கொள்ளும், அதற்குள் வெளியே நிற்பது உள்ளே போய்விடும். செல் பெரிதாக இருந்தால் குறைந்த மின்புலமே போதும். பாக்டீரியாவுக்கு நான் கொடுத்தது சென்டிமீட்டருக்கு 18,000 வோல்ட், புற்றுக்கட்டிக்குக் கொடுப்பது சுமார் 1000தான். ஒவ்வொரு துடிப்பும் 100 மைக்ரோ விநாடி, வழக்கமாக எட்டுத் துடிப்பு.

இப்போது மருந்துக்கு வருவோம். பிளியோமைசின் செல்லுக்குள் போய்விட்டால் டிஎன்ஏவை வெட்டித் தள்ளும், ஆனால் தானாகச் சவ்வைத் தாண்ட அதற்கு வராது. வாசலிலேயே நிற்கிற ஆள். கதவைத் திறந்துவிட்டால் அதன் வீரியம் பல நூறு மடங்கு ஏறுவதில் ஆச்சரியமில்லை. சிஸ்பிளாட்டின் என்ற இன்னொரு கீமோ மருந்துக்கும் பலன் உண்டு, இந்த அளவுக்கு இல்லை. 5-எஃப்யூவோ, செல்லுக்கு உணவுப்பொருள் போகிற வழியிலேயே உள்ளே போய்விடும், திறந்திருக்கும் வீட்டுக்குக் கதவை உடைத்து என்ன பயன்? ஆகவே "எந்தக் கீமோவும் கரண்டும்" என்று ஒரு சூத்திரம் கிடையாது.

இன்னொன்று, இதைத்தான் அந்த மெசேஜ் சொல்லாமல் விட்டது: மின்துடிப்பு கொடுக்கக் கட்டியில் குத்தும் ஊசிகளுக்கு நடுவே மாட்டிய திசுவில் மட்டுமே இது வேலை செய்யும். உடம்பு முழுக்கப் பரவிய, கண்ணுக்குத் தெரியாத செல்களைத் துரத்துவது வழக்கமான கீமோவின் வேலை, அதற்கு இது மாற்றே இல்லை.

சரி, மனிதர்களில் எதுவரை வந்திருக்கிறது? 1991இல் பிரான்சில் லூயி மீர் குழு தலை, கழுத்துப் பகுதிக் கட்டிகளில் செய்து முடிவுகளை வெளியிட்டது. தோல் கட்டிகளுக்கு ஐரோப்பாவில் இது இன்று வழக்கமான சிகிச்சைகளில் ஒன்று. குடலிலிருந்து கல்லீரலுக்குப் பரவிய கட்டிகளில், வயிற்றைத் திறந்து, நீளமான ஊசிகளைக் கட்டியைச் சுற்றிக் குத்தி, ஸ்லோவேனியாவின் லியூப்லியானா குழு செய்து 2014இல் வெளியிட்டது. 16 நோயாளிகள், 29 கட்டிகள், சுமார் 85 சதவீதம் ஸ்கேனில் முழுமையாக அடங்கின. நல்ல எண்தான், ஆனால் 16 பேர். அதுவும் கட்டி அடங்கிய கணக்கு, ஆயுள் கூடிய கணக்கு இல்லை.

குடலில் இருக்கும் கட்டிக்கே, எண்டோஸ்கோப் (குடலுக்குள் விட்டுப் பார்க்கும் குழாய்) முனையில் மின்முனை பொருத்திச் செய்கிற முயற்சி அயர்லாந்திலும் டென்மார்க்கிலும் நடந்திருக்கிறது. துடிப்பு பட்டதும் கட்டியின் ரத்த ஓட்டம் சுருங்கிவிடுவதால், அறுவை செய்ய முடியாத, ரத்தம் கசிகிற கட்டிகளுக்கு இது உதவலாம் என்பது எனக்குப் பிடித்த கோணம். (மருந்தே இல்லாமல் கால்சியத்தை உள்ளே தள்ளிப் பார்க்கும் சோதனைகூட உண்டு. அதை வெளியேற்றப் போராடியே செல் தன் சக்தியெல்லாம் தீர்ந்து சாகிறது!)

டாக்டரிடம் பேசும்போது, "இவருக்குத் தனியாக ஒரு கட்டிதான் தொல்லையா, அதற்கு இது பொருந்துமா, ஏதாவது மருத்துவ ஆய்வில் சேர முடியுமா" என்று கேளுங்கள். மாமாவுக்குப் பேஸ்மேக்கர் இருந்தாலோ நுரையீரல் பிரச்சினை இருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். கல்லீரலில், இதயத்துக்குப் பக்கத்தில் செய்யும்போது துடிப்பை இசிஜியோடு ஒத்திசைத்துத்தான் கொடுக்கிறார்கள், பிளியோமைசினோ நுரையீரலைப் பதம் பார்க்கக்கூடிய மருந்து. இந்த மெசேஜை நம்பி இப்போது ஓடுகிற கீமோவை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.