மார்ச்சில் குறிஞ்சியா? முன்பணத்தைக் கட்டாதீர்கள்

கேள்வி: மார்ச் இரண்டாம் வாரம் உடுமலை வழியாகக் காரில் மூணாறு போகிறோம். ஜீப்புக்கு 3,000 ரூபாய் முன்பணம் கட்டினால் நீலக்குறிஞ்சி காட்டுவதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறார். படமும் அனுப்பினார். நம்பலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: கட்டாதீர்கள். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் ஆடிக்குப் பிறகுதான் பூக்கும். மூணாறில் 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, இனி 2030.

அவர் அனுப்பிய படம் ஜகரந்தாவாக இருக்கும். தென் அமெரிக்க மரம். அழகுக்காக இங்கே நட்டு வளர்த்தது. மறையூரைத் தாண்டித் தேயிலைத் தோட்டங்களுக்குள் ஏறும்போது சாலையோரமே ஊதாவாக நிற்கும். பைசா செலவில்லை. சந்தேகமென்றால் கீழே விழுந்த ஒரு பூவைப் பிரித்துப் பாருங்கள்: குழல் நடுவே பஞ்சு ஒட்டியது போல ஒரு நீள இழை இருக்கும். குறிஞ்சி மரமே அல்ல, புல்வெளிச் சரிவில் வளரும் புதர்ச்செடி.

"2022-லும் பூத்ததே சார்" என்று ஏஜென்ட் மடக்குவார். பூத்தது உண்மை. இடுக்கியிலேயே சாந்தன்பாறைப் பக்கம் கள்ளிப்பாறை மலையில் அந்த அக்டோபரில் பூத்தது. ஒவ்வொரு மலைக்கும் தனிக் கணக்கு; ஒரு மலையில் பூத்த ஆண்டில் அடுத்த மலை சும்மா இருக்கும். போதாததற்குக் குறிஞ்சியில் பல இனங்கள், சில அடிக்கடி பூக்கும். இந்தக் குழப்பம்தான் இவர்களுக்கு முதலீடு. ஆனால் எந்த மலையானாலும் நீலக்குறிஞ்சிக்கு மார்ச் பருவமில்லை.

மூணாறு பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்கா டிக்கெட்டும் சேர்த்துத் தருவதாகச் சொன்னால் இன்னும் மோசம். வரையாடு குட்டி போடும் காலம் என்று பிப்ரவரி, மார்ச்சில் பூங்காவை மூடிவிடுவார்கள். ஆண்டுதோறும் நடப்பதுதான். அதைப் பெரிய எழுத்தில் எழுதி அடிவாரத்திலேயே ஒரு பலகை வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. மூணாறு வரை ஏறிப் போய்த்தான் ஜனங்கள் தெரிந்துகொள்கிறார்கள்.

உங்களுக்கு ஜீப்பே வேண்டாம். உடுமலையிலிருந்து ஏறக்குறைய 85 கிலோமீட்டர், காலையிலேயே கிளம்புங்கள். வழியில் வரும் சின்னாறு, மழை குறைந்த மழைமறைவுக் காடு, மார்ச்சில் காய்ந்து கிடக்கும். இலை உதிர்த்த மொட்டை மரங்களில் மஞ்சள் கோங்கும் சிவப்பு இலவும் கண்ணில் படும். அங்கே மட்டும் காரைவிட்டு இறங்காதீர்கள், யானை நடமாடும் இடம். மறையூரில் வெல்லம் வாங்கிக்கொண்டு, ஜகரந்தா வந்ததும் வளைவு இல்லாத இடமாகப் பார்த்து ஓரம் கட்டுங்கள்.