தோட்டக் கேள்வி பதில்: பூக்க மறுக்கும் ஹைட்ரேஞ்சியா

கேள்வி: ஐயா, கனடாவில் வினிப்பெக் நகரில் இருக்கும் என் மகள் வீட்டிற்குப் போன ஆண்டு மே மாதம் சென்று, நான்கு மாதம் தங்கிவிட்டு வந்தேன். வாசலோரத்தில் அவள் நட்டிருக்கும் ஹைட்ரேஞ்சியா பூச்செடிக்கு வயது மூன்று. இலை நம் ஊர்ச் செடியின் இலையைப் போலவே அகலமாக, பளபளப்பாக இருக்கிறது. ஆனால் இன்றுவரை ஒரு கொத்துகூடப் பூத்ததில்லை. பனி விட்டதும் காய்ந்த குச்சிகளைத் தரையோடு வெட்டிவிட்டு, புல்தரைக்குப் போடும் உரத்தையே இதற்கும் போடுகிறாள். வெட்டிவிடச் சொல்லிக் கொடுத்தது நான்தான். இங்கே வேலியோரம் கேட்பாரற்றுக் கிடக்கும் செடியே ஆண்டு முழுவதும் பூக்கும்போது, அங்கே என்ன குறை?
– வாசகி, ரிங்லெட், கேமரன் மலை, மலேசியா

பதில்: செடிக்கு நோயும் இல்லை, பட்டினியும் இல்லை. பூமொட்டு எங்கே, எப்போது உருவாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மூன்று ஆண்டுக் கதையும் விளங்கிவிடும்.

நம் கேமரன் மலையில் வளர்வதும், நீங்கள் சொல்லும் அடையாளப்படி மகள் வைத்திருப்பதும், ஜப்பானைத் தாயகமாகக் கொண்ட மேக்ரோஃபில்லா வகை. இது அடுத்த கோடையில் மலர வேண்டிய மொட்டை, முந்தைய கோடையின் இறுதியிலும் இலையுதிர் காலத்திலுமே கம்பின் நுனியில் கட்டி வைத்துக்கொள்கிறது. அந்த மொட்டு குளிர்காலம் முழுவதையும் வெட்டவெளியில் கழிக்க வேண்டும். வினிப்பெக்கில் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 30 டிகிரி செல்சியசுக்கும் கீழே போவதுண்டு. அந்தக் குளிரில் மொட்டும் கம்பும் கருகிவிடுகின்றன. மண்ணுக்கடியில், பனிப் போர்வையின் கீழ் இருக்கும் வேர் மட்டும் பிழைத்து, மே மாதத்தில் புதுத் தளிர்களை அனுப்புகிறது. நீங்கள் பார்த்த பச்சை அதுதான். அந்தத் தளிர்கள் வளர்ந்து மொட்டுக் கட்டி முடிப்பதற்குள் அடுத்த குளிர் வந்துவிடுகிறது.

கேமரன் மலையில் இந்தச் சிக்கல் எழுவதே இல்லை. ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்திலுள்ள தானா ராத்தாவில்கூட இரவு 15 டிகிரி அளவில் நின்றுவிடும். மொட்டுக் கட்டுவதற்கு வேண்டிய குளிர்ச்சி உண்டு, கட்டிய மொட்டைக் கொல்லும் உறைபனி கிடையாது. ஆகையால் நாம் பாராங் கத்தியை எடுத்து எந்த மாதத்தில் வெட்டினாலும் செடி பொறுத்துக்கொள்கிறது. தேயிலைத் தோட்டத்தில் நான் கிராணியாக (எழுத்தராக) இருந்த காலத்தில், திருவிழாவிற்கு முந்தைய வாரம் அலுவலக வாசலில் இருந்த ஹைட்ரேஞ்சியாவை ‘அழகுபடுத்துகிறேன்’ என்று முழங்கால் அளவுக்கு வெட்டி, துரையின் முறைப்பை வாங்கிக்கொண்டவன் நான். சில மாதங்களில் அது மறுபடியும் பூத்து என் மானத்தைக் காப்பாற்றியது. வினிப்பெக் செடியிடம் அந்தப் பெருந்தன்மையை எதிர்பார்க்க முடியாது. தப்பித்தவறி ஓரிரு மொட்டுகள் குளிரைத் தாண்டி வந்தாலும், மகளின் கத்தரி அவற்றையும் சேர்த்துக் கொண்டுபோய்விடுகிறது.

எனவே, முதலில் கத்தரியைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். மே மாதத்தில் ஒவ்வொரு கம்பையும் நகத்தால் இலேசாகக் கீறிப் பார்க்க வேண்டும். தோலுக்கடியில் ஈரப் பச்சை தெரிந்தால் அந்தக் கம்பு உயிரோடு இருக்கிறது. பழுப்பாக, உலர்ந்து இருந்தால் அந்த இடம் செத்துவிட்டது. கீறிக்கொண்டே கீழே இறங்கினால், எதிரெதிராக அமைந்த இரண்டு தடித்த மொட்டுகள் பச்சையாக இருக்கும் கணு ஒன்று தென்படலாம். அதற்குச் சற்று மேலே வெட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். புல்தரை உரத்தில் தழைச்சத்து மிகுதி. அது இலையைத்தான் வளர்க்கும் என்பதால் அதையும் நிறுத்திவிடலாம்.

குளிர்காலப் பாதுகாப்பிற்கு ஒரு வழி உண்டு. இலை உதிர்ந்து, நிலம் இறுகத் தொடங்கும்போது செடியைச் சுற்றிக் கோழிக்கூண்டுக் கம்பிவலையை வட்டமாக நிறுத்தி, கம்பின் நுனி மறையும்வரை காய்ந்த இலைகளை நிரப்பி, கடைசி உறைபனி போன பிறகு சிறிது சிறிதாக எடுக்க வேண்டும். டொரோண்டோவில் இருப்பவருக்கு இந்த உழைப்பு வீண்போகாது என்பேன். வினிப்பெக்கில் இருப்பவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அத்தனை பாடுபட்டும் நான்கைந்து கொத்துகள் கிடைத்தால் பெரிது. 2004ஆம் ஆண்டு சந்தைக்கு வந்த ‘எண்ட்லெஸ் சம்மர்’ என்னும் இரகம் பழைய கம்பிலும் புதுக் கம்பிலும் பூப்பதுதான். ஆனாலும் அந்த ஊரின் குறுகிய கோடையில் புதுக் கம்புப் பூ பிந்தித்தான் வரும்.

என் ஆலோசனை, வகையை மாற்றுவது. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்த ஆர்போரெசென்ஸ், கிழக்காசியாவைச் சேர்ந்த பானிக்குலாட்டா ஆகிய இரண்டும் அந்தந்த ஆண்டு முளைக்கும் புதுக் கம்பிலேயே மொட்டுக் கட்டிப் பூப்பவை. கம்பு முழுவதும் செத்தாலும் அவற்றின் பூவுக்குப் பழுதில்லை. மைனஸ் 35 டிகிரிக் குளிரையும் தாங்கி நிற்கும். முதல் வகையில் ‘அன்னபெல்’ என்ற இரகமும், இரண்டாவதில் ‘லைம்லைட்’ என்ற இரகமும் பரவலாகக் கிடைப்பவை. துளிர் விடுவதற்கு முன் இவற்றை வெட்டிவிடலாம். நீங்கள் கற்றுக்கொடுத்த பழக்கம் இங்கே பயன்படும், தரையோடு வெட்டாமல் ஓர் அடியாவது விட்டுவைத்தால் போதும். பானிக்குலாட்டாவுக்கு ஆறு மணி நேரமாவது நல்ல வெயில் வேண்டும். ஒன்றை மட்டும் மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: இவற்றில் நீல நிறம் கிடையாது. வெள்ளை, இளம்பச்சை, கோடை முடியும்போது இளஞ்சிவப்பு, அவ்வளவுதான்.

கேள்வி: பாட்டி வீட்டுச் செடியிலிருந்து கம்பு ஒடித்து எங்கள் புது வீட்டின் முன் நட்டேன். பாட்டி வீட்டில் அது நல்ல நீலம். என் வீட்டில் இளஞ்சிவப்பாகப் பூக்கிறது. பாட்டி என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார். செடி மாறிவிட்டதா?
– வாசகர், தானா ராத்தா

பதில்: செடி மாறவில்லை, மண் மாறியிருக்கிறது. பாட்டியின் வீடு தேயிலைச் சரிவை ஒட்டியது என்று கடிதத்தின் பின்பகுதியில் எழுதியிருக்கிறீர்கள். விடை அங்கேயே இருக்கிறது. தேயிலை வளரும் மண் புளிப்பு (அமில) மண். மண்ணின் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (குறைந்தால் புளிப்பு அதிகம்) 5.5க்குக் கீழே இருக்கும்போது அதிலுள்ள அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கிறது. பூவின் நிறமி அந்த அலுமினியத்தோடு சேர்ந்து நீலமாகிறது. 6.5ஐ நெருங்கும்போது அலுமினியம் மண்ணிலேயே பிணைந்துவிடுவதால் அதே நிறமி இளஞ்சிவப்பாகவே நிற்கிறது. அலுமினியத்தை ஏராளமாக உறிஞ்சி இலையில் சேர்த்து வைப்பதில் தேயிலைச் செடியும் ஹைட்ரேஞ்சியாவும் பங்காளிகள் என்றே சொல்லலாம்.

புது வீட்டுச் சுவர், நடைபாதை, கட்டுமானக் குப்பை ஆகியவற்றிலுள்ள சிமெண்டிலிருந்து ஒவ்வொரு மழையிலும் சுண்ணாம்பு கசிந்து உங்கள் மண்ணின் புளிப்பை முறித்துவிடுகிறது. சுவரிலிருந்து தள்ளி, பெரிய தொட்டியில் தேயிலைச் சரிவு மண்ணை நிரப்பி நடுவதே எளிது. அவசரமென்றால் அலுமினியம் சல்பேட்டை ஒரு மேசைக்கரண்டி எடுத்து நான்கு லிட்டர் நீரில் கரைத்து, ஏற்கெனவே நனைந்த மண்ணில் ஊற்றலாம். அளவு கூடினால் வேர் கருகும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகுந்த பூ உரத்தைத் தவிருங்கள். அது அலுமினியத்தைக் கட்டிப்போட்டுவிடும். துருப்பிடித்த ஆணியைப் புதைக்கச் சொல்வார்கள். ஆணி இரும்பைத் தருமே தவிர அலுமினியத்தைத் தராது. இப்போது விரிந்திருக்கும் கொத்து நிறம் மாறாது. அடுத்து வரும் பூக்களைக் காட்டிப் பாட்டியைச் சமாதானப்படுத்துங்கள்.

கேள்வி: கேமரன் மலையிலிருந்து பூவோடு வாங்கி வந்த தொட்டிச் செடி, எட்டு மாதமாக இலை மட்டுமே விடுகிறது. மதியத்தில் துவண்டு விழுகிறது. என்ன உரம் வைக்கலாம்?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: எந்த உரமும் உதவாது. மொட்டுக் கட்டுவதற்கு இந்தச் செடிக்குச் சில வாரங்கள் தொடர்ந்து 18 டிகிரிக்குக் குறைவான இரவுகள் வேண்டும். சமவெளியிலுள்ள உங்கள் ஊரில் இரவு அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. மதியத்தில் துவள்வது, அகன்ற இலைகள் வேரால் ஈடுகொடுக்க முடியாத வேகத்தில் நீரை இழப்பதால். மாலையில் நிமிர்ந்துவிட்டால் தண்ணீர் ஊற்ற வேண்டாம். விரலை மண்ணில் நுழைத்துப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். அடுத்த முறை மலைக்குப் போகும் உறவினரிடம் செடியைக் கொடுத்தனுப்பிவிட்டு, அந்தத் தொட்டியில் இட்லிப்பூவை வையுங்கள். அதுவும் கொத்தாகத்தான் பூக்கும்.