பேரரசுகள் சரிந்தது வெளி நெருக்கடியாலா? இந்தோனேசியாவை வைத்து எழுதுங்கள்

கேள்வி: குரூப் 1 முதன்மைத் தேர்வுக்குப் படிக்கிறேன். ஐரோப்பியக் காலனி ஆட்சிகள் முடிவுக்கு வந்ததில் சர்வதேச நெருக்கடிக்கு எவ்வளவு பங்கு என்ற கேள்விக்கு ஐ.நா., பனிப்போர், அமெரிக்கா என்று வரிசையாக எழுதுகிறேன். மதிப்பெண் ஏறவே இல்லை. என்ன செய்வது?

பதில்: வரிசையை விடுங்கள். ஒரே நாட்டை எடுத்துக்கொண்டு, வெளியிலிருந்து வந்த நெருக்கடி யாருடைய முடிவை எப்படி மாற்றியது என்று காட்டுங்கள். எனக்குப் பிடித்த உதாரணம் இந்தோனேசியா.

1945 ஆகஸ்ட் 17-ல் விடுதலை இயக்கத் தலைவர் சுகர்னோ வாசித்த சுதந்திரப் பிரகடனத்தின் அடியில் ஆண்டு '05 என்று தட்டச்சாகியிருக்கிறது. ஜப்பானிய நாட்காட்டியின் 2605! இந்தோனேசியாவைக் காலனியாக வைத்திருந்த டச்சுக்காரர்களை (நெதர்லாந்தை) விரட்டிவிட்டு மூன்றரை ஆண்டு ஆண்ட ஜப்பான் சரணடைந்து இரண்டே நாள் ஆகியிருந்தது. முதல் வெளிக்காரணம் அந்த ஒற்றை எண்ணிலேயே இருக்கிறது.

டச்சுக்காரர்கள் திரும்பி வரப் பார்த்தார்கள். ஆஸ்திரேலியத் துறைமுகத் தொழிலாளர்கள் அவர்களுடைய கப்பல்களில் சரக்கு ஏற்ற மறுத்தார்கள்; அங்கிருந்த இந்திய மாலுமிகளும் சேர்ந்துகொண்டார்கள். சாதாரண மனிதர்கள் செய்த இந்த வேலையைப் பலரும் எழுதுவதே இல்லை. நீங்கள் அவசியம் எழுதுங்கள். 1947 ஜூலையில் டச்சுப் படை தாக்கியதும் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் விஷயத்தைப் பாதுகாப்பு சபைக்குக் கொண்டுபோயின.

அமெரிக்காவைப் பற்றி எழுதும்போது கவனம் தேவை. அது முதலிலிருந்தே சுகர்னோ அறிவித்த குடியரசின் பக்கம் நிற்கவில்லை. 1948 செப்டம்பரில் ஜாவாவின் மதியூன் நகரில் நடந்த கம்யூனிஸ்ட் கிளர்ச்சியைக் குடியரசே அடக்கியது. அதன் பிறகுதான் வாஷிங்டனுக்குக் குடியரசின்மேல் நம்பிக்கை வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 19-ல் டச்சுப் படை குடியரசின் தலைநகரான யோக்யகர்த்தாவைப் பிடித்து சுகர்னோவையும் துணைத் தலைவர் ஹத்தாவையும் கைது செய்தது. உடனே, போருக்குப் பின் ஐரோப்பாவைத் தூக்கிவிட அமெரிக்கா கொடுத்துவந்த மார்ஷல் திட்ட உதவியில் கிழக்கிந்தியத் தீவுகளுக்கான (அதாவது இந்தோனேசியாவுக்கான) பங்கை அது நிறுத்தியது. போரில் நொறுங்கிப்போன நெதர்லாந்துக்கே வரும் பணமும் நின்றுவிடலாம் என்ற பயம் ஹேக்கில் இருந்த டச்சு அரசைப் பிடித்தது. 1949 ஜனவரியில் நேரு இந்தோனேசியாவுக்காக டெல்லியில் மாநாடு கூட்டினார்.

சரி, எல்லாம் வெளியார் செய்ததுதானா? இல்லை. தலைவர்கள் சிறையில் இருந்தபோது, காசநோயால் நடக்க முடியாத தளபதி சுதிர்மானைப் பல்லக்கில் தூக்கிக்கொண்டு கொரில்லாப் படை காடு மேடெல்லாம் அலைந்தது. 1949 மார்ச் 1-ல் யோக்யகர்த்தாவுக்குள் புகுந்து ஆறு மணி நேரம் நகரைத் தன் கையில் வைத்திருந்தது. இந்தப் படை ஓய்ந்திருந்தால் பாதுகாப்பு சபையில் பேச என்ன மிஞ்சியிருக்கும்? உங்கள் விடையின் நடுப்பகுதி இதுவாக இருக்கட்டும்.

1949 டிசம்பர் 27-ல் ஆட்சி கைமாறியது. அப்புறம், அதற்குக் கொடுத்த விலையையும் ஒரு வரி சேருங்கள்: காலனி அரசின் கடனில் சுமார் 430 கோடி கில்டர் புதிய நாட்டின் தலையில் விழுந்தது. மேற்கு நியூகினியை டச்சுக்காரர்கள் 1962 வரை விடவில்லை.