தம்பிக்குக் குளோசபின் கொடுக்க நாங்கள் ஏன் சம்மதித்தோம்

உங்கள் மகனுக்கு இரண்டு மருந்துகள் பலன் தராத நிலையில் வைத்தியர் மனச்சிதைவு நோய்க்கான குளோசபின் என்ற மருந்தைத் தொடங்கலாம் என்கிறார். இரத்தத்தில் தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் குறைந்து உயிர் போகக்கூடும் என்று வாசித்த பின் உங்களுக்குச் சம்மதிக்க மனம் வரவில்லை. இதுதான் உங்கள் கேள்வி. நான் வைத்தியர் அல்லேன். முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் வசிக்கும் ஓர் ஆசிரியை. மனச்சிதைவு நோயுள்ள என் தம்பியைப் பெற்றோருக்குப் பின் பார்த்து வருபவள் நான்தான். அவனுக்கு இதே மருந்தைத் தொடங்குவதற்கு முன் எங்கள் வீட்டிலும் இதே பயம் இருந்தது. ஆகவே சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைக் கூறிவிடுகிறேன். பக்கவிளைவுள்ள மருந்து ஒருபுறம், பக்கவிளைவே இல்லாத வாழ்க்கை மறுபுறம் என்று வைத்து எடை போடாதீர்கள். உங்கள் மகனுக்கு அப்படியொரு தெரிவு இப்போது இல்லை. என் தம்பிக்கு முதலில் கொடுத்த ஹலோபெரிடோல் அவனது கைகளை நடுங்க வைத்தது. உட்கார்ந்து ஒரு வாய் சோறு உண்ண முடியாமல், விறாந்தைக்கும் கிணற்றடிக்கும் இடையே நாள் முழுவதும் நடந்துகொண்டிருந்தான். அடுத்து வந்த ஒலன்சபின் அவனைத் தூங்க வைத்தது, உடம்பைப் பெருக்க வைத்தது, ஆனால் அவன் காதில் கேட்கும் குரல்களை நிறுத்தவில்லை. எங்கள் கிணற்றில் நஞ்சு கலக்கப்பட்டுள்ளதென்று அவன் உறுதியாக நம்பியதால் அயல்வீட்டுத் தண்ணீரையே குடித்தான். வயலுக்கு வாங்கிய கிருமிநாசினியை நாங்கள் பூட்டி வைத்துவிட்டு, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உறங்கிய காலம் அது. குளோசபினின் ஆபத்தைப் பற்றிப் பேசுபவர்கள் அந்த ஆபத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று நான் கேட்பது நியாயமென்றே நினைக்கிறேன். தற்கொலை முயற்சிகள் தொடரும் மனச்சிதைவு நோயாளிகளில் அந்த ஆபத்தைக் குறைப்பதற்கென இம்மருந்தைப் பயன்படுத்த அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2002இல் தனியாக அனுமதி அளித்தது என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

நீங்கள் வாசித்தது பொய்யல்ல. 1975இல் பின்லாந்தில் இம்மருந்தை எடுத்தவர்களில் 8 பேர் வெள்ளை அணுக்கள் அற்றுப்போய் இறந்தார்கள். அதன் பின் பல நாடுகளில் மருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. அது மீண்டும் வந்ததற்குக் காரணம், வேறு மருந்துகளுக்குப் பணியாத 268 நோயாளிகளிடம் செய்து 1988இல் வெளியிடப்பட்ட ஆய்வு. ஆறு வாரங்களில் குளோசபின் எடுத்தவர்களில் 30 சதவீதத்தினர் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டார்கள். பழைய மருந்தான குளோர்புரோமசின் எடுத்தவர்களில் 4 சதவீதத்தினரே கண்டார்கள். எழுபது சதவீதத்தினருக்கு அந்த ஆறு வாரங்களில் அப்படி முன்னேற்றம் வரவில்லை என்பதையும் நான் மறைக்கவில்லை, எனினும் சிலருக்கு மாதங்கள் சென்ற பின்னரே பலன் தெரிகிறது. வெள்ளை அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதி முதல் 18 வாரங்களுக்குள் நிகழ்வதால்தான் அந்தக் காலத்தில் கிழமைக்கு ஒரு தடவையும், பின் ஓராண்டு நிறையும் வரை இரு கிழமைக்கு ஒரு தடவையும், அதன் பின் மாதாந்தமும் இரத்தம் எடுக்கும் முறை பிரித்தானியாவில் வகுக்கப்பட்டது. எங்களுக்கும் அதுவே சொல்லப்பட்டது. அமெரிக்காவில் இம்மருந்தை எடுப்பவர்களின் இரத்தச் சோதனை முடிவுகளைப் பதியும் கட்டாயப் பதிவுத் திட்டத்தை 2025இல் நீக்கிவிட்டார்களே என்று யாராவது கேட்கக்கூடும். நீக்கப்பட்டது பதிவுத் திட்டம். இரத்தத்தைச் சோதிக்க வேண்டாம் என்று அங்கும் கூறவில்லை.

ஆகவே இந்த ஆபத்தின் அளவு மாத்திரையில் மட்டும் இல்லை. உங்கள் வீட்டுக்கும் இரத்தம் சோதிக்கும் இடத்துக்கும் இடையிலுள்ள தூரத்திலும் இருக்கிறது. கொழும்பில் இருக்கும் ஒருவருக்கு எழுதப்படும் அறிவுரை வன்னியில் இருப்பவருக்கு அப்படியே பொருந்தாது. இங்கே காய்ச்சல் என்று வெளிநோயாளர் பிரிவுக்குப் போனால் பரசிற்றமோல் தந்து அனுப்பிவிடுவார்கள். மழைக்காலத்தில் டெங்கு என்று சந்தேகிப்பார்கள். டெங்குவும் வெள்ளை அணுக்களைக் குறைக்கும் என்பதால் குழப்பம் இன்னும் கூடும். காய்ச்சலோ தொண்டை நோவோ வந்தால், வாசலிலேயே, "இவர் குளோசபின் எடுக்கிறவர், இரத்தம் பார்க்க வேணும்" என்று நான் கூறிவிடுவேன். அதைக் கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதியும் வைத்திருக்கிறேன். சிலர் முகம் சுளித்திருக்கிறார்கள். சுளிக்கட்டும்.

எல்லோரும் இரத்தத்தைப் பற்றியே பேசுகிறார்கள். என் தம்பியை உண்மையில் ஆபத்துக்குக் கொண்டு சென்றது மலச்சிக்கல். வயிறு ஊதி, வாந்தி எடுத்து, கடும் நோவுடன் விடுதியில் அனுமதிக்கப்பட்டான். குளோசபின் குடலின் அசைவையே தளர்த்திவிடும், கவனிக்காவிட்டால் குடல் அடைபட்டு உயிர் போகவும் கூடும் என்று எங்களுக்கு அதுவரை ஒருவரும் விளக்கியிருக்கவில்லை. இதைப் பற்றிய எச்சரிக்கையை அமெரிக்க நிர்வாகம் 2020இல் மேலும் வலுவாக்கியது. இன்று அவனுக்கு மலமிளக்கி நாளாந்தம் உண்டு. வன்னி வெயிலில் தண்ணீர் குடிக்க வைப்பது என் வேலைகளில் ஒன்று. வெட்கப்படாமல் உங்கள் மகனிடம் ஒவ்வொரு நாளும் கேளுங்கள். முதல் சில வாரங்களில் நெஞ்சு நோவு, மூச்சு வாங்குதல், படபடப்பு வந்தால் இதயத் தசை அழற்சியாக இருக்கலாம். அன்றே காட்ட வேண்டும்.

மற்றவை உயிர் எடுக்காதவை, ஆனால் வாழ்க்கையை மாற்றுபவை. இரவில் வீணீர் வழிந்து தலையணை நனைகிறது. நிறை கூடியது, இரத்தத்தில் சீனி ஏறியது, அதற்கும் இப்போது மருந்து எடுக்கிறான். காலையில் ஒன்பது மணிக்கு முன் அவனை எழுப்ப முடியாது. இவற்றைச் சிறியவை என்று நான் கூறமாட்டேன். முப்பதுகளில் உள்ள இளைஞனுக்கு அவை சிறியவை அல்ல. ஆனால் குரல்கள் என்னாயிற்று என்று ஒருநாள் கேட்டபோது, "கதைக்கிறாங்கள்தான் அக்கா, ஆனா தூரத்திலை" என்றான். எங்கள் கிணற்றுத் தண்ணீரையே குடிக்கிறான். கோழி வளர்க்கிறான், முட்டைக் கணக்கை அவனே எழுதுகிறான். மருந்தை விடலாமா என்று, எடை கூடியதைக் காட்டி, நான் கேட்டதுண்டு. வேண்டாம் என்று சொன்னது அவன்தான்.

இங்கே ஒரு மனக்குறையையும் சொல்லியே ஆக வேண்டும். இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், ஒவ்வொன்றையும் ஏறத்தாழ ஆறு வாரம் கொடுத்தும் குணம் தெரியாவிட்டால் குளோசபினைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது உலகறிந்த விதி. என் தம்பி அந்த நிலையை அடைந்த பின்னரும், நாங்கள் சென்ற கிளினிக்கில் மாதத்துக்கு ஒரு புதிய வைத்தியர் இருந்து, முந்தைய துண்டில் இருந்ததையே மீண்டும் எழுதி அனுப்பினார்கள். அவனுடைய இருபதுகளின் பெரும்பகுதி அப்படித்தான் போயிற்று. மறுபுறம், "2009இல் பட்டதுதான் காரணம், மருந்தால் மாறாது" என்று கூறி எங்களைத் தடுத்தவர்களும் இருந்தார்கள். இந்த மண்ணில் பட்டதை நான் அறியாதவள் அல்லேன். துக்கத்துக்கு ஆறுதல் வேண்டும். நாள் முழுவதும் குரல் கேட்பவனுக்கு மருந்தும் வேண்டும். வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் "அது நஞ்சு, நிறுத்து" என்று கூறும் உறவினருக்கும் இதுவே என் பதில். நான் எந்த மருந்து நிறுவனத்துக்காகவும் பேசவில்லை. எல்லோருக்கும் இது பொருந்தும் என்றும் கூறவில்லை.

வன்னியில் இருப்பவருக்கு மேலும் இரண்டு விடயங்கள். மருந்து 48 மணித்தியாலத்துக்கு மேல் தவறினால் பழைய அளவிலேயே மீண்டும் தொடங்கக் கூடாது, 12.5 மில்லிகிராமிலிருந்து வைத்தியரின் சொற்படி ஏற்ற வேண்டும். 2018 டிசம்பர் வெள்ளத்தில் பாதை மூடப்பட்டபோது எங்களுக்கு அது நேர்ந்தது. அதன் பின் ஒரு கிழமைக்கான மாத்திரையை எப்போதும் மேலதிகமாக வைத்திருக்கிறோம். 2022இல் எரிபொருளும் மருந்தும் தட்டுப்பட்டபோது அதுவே கைகொடுத்தது. அடுத்து, மகன் சிகரெட்டோ பீடியோ புகைப்பவராயின் அதைத் திடீரென நிறுத்தினால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். நிறுத்துவது நல்லது, ஆனால் வைத்தியருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு நிறுத்தட்டும்.

சம்மதம் கொடுக்கும் முன் வைத்தியரிடம் கேளுங்கள்: இரத்தம் எங்கே எடுக்கப்படும், முடிவு எத்தனை நாளில் வரும், இரவில் காய்ச்சல் வந்தால் யாரிடம் செல்வது, மலமிளக்கி முதல் நாளிலிருந்தே தருவீர்களா. இவற்றுக்குத் தெளிவான விடை கிடைக்காவிட்டால் அதற்காக மருந்தை மறுத்துவிடாதீர்கள்; ஏற்பாடுகள் சரியாகும் வரை மகனை விடுதியில் வைத்துத் தொடங்குமாறு கேளுங்கள். எங்களுக்கு அப்படித்தான் செய்தார்கள்.