தம்பி விடிய விடிய கொம்பியூட்டரில் என்ன செய்கிறார்?

வணக்கம் அம்மா. உயர்தரப் பெறுபேறு வரும்வரை மகன் இணையத்தளம் செய்கிறேன் என்று இரவெல்லாம் விழித்திருக்கிறார், இது தொழிலுக்கு உதவுமா என்று கேட்டிருந்தீர்கள். வெள்ளவத்தை ரியூசன் வகுப்பு ஒன்றுக்கு அவர் வேர்ட்பிரஸில் (இணையத்தளம் கட்டும் மென்பொருள்) செய்த தளத்தைப் பார்த்தேன். வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் வேலை கொடுப்பவர் படத்தையும் நிறத்தையும் பார்த்து மயங்கமாட்டார். பக்கங்களின் இணைய முகவரியையும் பார்ப்பார்.

வினாத்தாள்களுக்கென்று தனி உள்ளடக்க வகை ஒன்றை உருவாக்கியிருக்கிறார், கெட்டிக்காரத்தனம். ஆனால் குறியீட்டில் அதற்கு வைத்த பெயரே முகவரியிலும் வந்து நிற்கிறது. வீட்டுச் செல்லப்பெயரைக் கலியாணக் கார்டில் அடித்த மாதிரி.

அதை மாற்றுகிறேன் என்று வகையின் உட்பெயரைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். தரவுத்தளத்தில் ஒவ்வொரு பதிவும் அந்தப் பெயரோடுதான் கிடக்கிறது. மாற்றினால் நிர்வாகப் பக்கத்தில் ஒன்றும் தெரியாது. (அழிந்துபோகாது, ஆனால் பிள்ளை பயந்துவிடும்.) வகையைப் பதிவுசெய்யும் இடத்தில் 'ரீரைட்' என்ற அமைப்புக்குள் ஸ்லக்கை, அதாவது முகவரியில் தெரியும் பெயரை, மட்டும் மாற்றினால் சரி. அப்புறம் பெர்மாலிங்க் (பக்கங்களின் நிலையான முகவரி) அமைப்புப் பக்கத்தில் ஒருமுறை சேமிக்க வேண்டும். இதை மறந்துவிட்டு 404, அதாவது 'பக்கம் இல்லை' என்ற பிழை, ஏன் வருகிறது என்று மண்டையை உடைப்பவர்கள் நிறைய. இவருடைய விழிப்பிலும் பாதி அதுவாக இருக்கலாம். பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்பிவைக்கும் 301 வழிமாற்றும் வேண்டும்.

தமிழ்த் தலைப்புகளில்தான் பெரிய சிக்கல். முகவரிக்குள் க, ண போன்ற ஒவ்வொரு குறியும் 9 எழுத்தாக விரியும். கொம்பும் புள்ளியும் தனிக் கணக்கு. ஸ்லக்குக்கு வேர்ட்பிரஸ் தரும் இடமோ 200 எழுத்துத்தான். 'உயர்தர இணைந்த கணிதம் மாதிரி வினாத்தாள்' என்று போட்டால் 'மாத' என்பதோடு அறுந்துவிடும். அதனால் தமிழ்ப் பதிவுகளுக்கு ஸ்லக்கைக் கையால் சுருக்கி எழுதப் பழகட்டும். சிங்களத்துக்கும் இதே கணக்குத்தான். மும்மொழித் தளங்கள் தேவைப்படும் கொழும்பில் இது தெரிந்த பையனுக்கு நேர்முகப் பரீட்சையில் பேச விஷயம் இருக்கும்.

பட்டப்படிப்பா, என்விகியூ என்ற தொழிற்தகைமையா என்பதை, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி வந்தபின் பார்ப்போம். அடுத்தமுறை வரும்போது பழைய முகவரி, புதிய முகவரி இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு தம்பியையும் வரச் சொல்லுங்கள். ஏன் மாற்றினார் என்று அவர் வாயால் கேட்க வேண்டும்.