எல்லாக் காலத்து வீரர்களையும் சேர்த்து ஒரு டெஸ்ட் அணி அமைத்தால், உங்கள் 11 பேர் யார், ஏன்?

முதலில் பெயர்களைச் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். ஜாக் ஹாப்ஸ், சுனில் கவாஸ்கர், டான் பிராட்மேன், சச்சின் டெண்டுல்கர், விவ் ரிச்சர்ட்ஸ், கேரி சோபர்ஸ், ஆடம் கில்கிறிஸ்ட், வாசிம் அக்ரம், மால்கம் மார்ஷல், சிட்னி பார்ன்ஸ், முத்தையா முரளிதரன். கேப்டன் பிராட்மேன்.

ஆடும் வரிசைப்படி எழுதியிருக்கிறேனே தவிர, நான் தேர்ந்தெடுத்தது கீழிருந்து மேலே. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பெரும்பாலானோர் தொடக்க ஆட்டக்காரரில் ஆரம்பிப்பார்கள். ஆறேழு பேட்ஸ்மேன்களுக்காக மணிக்கணக்கில் மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் "மூன்று வேகம், ஒரு சுழல்" என்று அவசரமாக நிரப்பிவிடுவார்கள். டெஸ்டில் ஜெயிக்க வேண்டுமென்றால் எதிரணியின் 20 விக்கெட்டை எடுத்தாக வேண்டும். 600 ரன் அடித்துவிட்டு, ஐந்தாம் நாள் மாலை கைகுலுக்கிவிட்டுத் திரும்பும் அணி எனக்கு வேண்டாம். அதனால் பந்துவீசும் நால்வரை முதலில் எழுதினேன். பிறகு அவர்களுக்கு வேண்டிய விக்கெட் கீப்பர், அதன் பிறகுதான் மற்றவர்கள்.

இன்னொன்று, வெவ்வேறு காலத்து ஆட்களை எதை வைத்து ஒப்பிடுவது? எண்ணை எண்ணோடு வைத்துப் பார்த்தால் எங்கேயும் போய்ச் சேர மாட்டோம். நம் சிங்கப்பூரிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. 1996 ஏப்ரலில் பாடாங் திடலில் நடந்த சிங்கர் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக இலங்கையின் ஜெயசூரியா 48 பந்தில் சதம் அடித்தார். மொத்தம் 65 பந்தில் 134 ரன். அடுத்த சில நாளில் இறுதி ஆட்டத்தில் 28 பந்தில் 76. அதில் முதல் விக்கெட்டுக்குச் சேர்ந்த ரன் 70, அவரோடு தொடக்கத்தில் இறங்கி அவுட்டான களுவித்தாரண எடுத்தது பூஜ்யம்! சிங்கப்பூரில் கிரிக்கெட் பார்ப்பவர்கள் இன்றும் இதைச் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். ஆனால் அந்த 48 பந்து உலக சாதனை அதே ஆண்டு அக்டோபர் வரைகூடத் தாக்குப்பிடிக்கவில்லை என்றே சொல்லலாம். அந்த மாதத் தொடக்கத்திலேயே நைரோபியில் பாகிஸ்தானின் அப்ரிடி 37 பந்தில் சதம் அடித்துவிட்டார். பாடாங்கின் எல்லைக்கோடு எவ்வளவு பக்கம் என்பது அந்தப் பக்கம் நடந்து போகிற எல்லோருக்கும் தெரியும். மைதானம், மட்டை, பிட்ச், விதி என்று எல்லாம் மாறிக்கொண்டேதான் இருக்கும். ஹாப்ஸ் ஆடியபோது பிட்சை மழைக்கு மூட மாட்டார்கள், ஹெல்மெட் என்ற பேச்சே கிடையாது. ஆகவே நான் பார்ப்பது ஒன்றைத்தான். அதே காலத்தில், அதே பிட்சில் ஆடிய மற்றவர்களைவிட இவர் எவ்வளவு தூரம் முன்னால் நின்றார்?

இப்படிப் பார்த்தால் பார்ன்ஸ் தானாக உள்ளே வந்துவிடுகிறார். இந்தப் பெயரைக் கேட்டாலே இளம் வயதுக்காரர்கள் "யார் அது?" என்பார்கள். 1901 முதல் 1914 வரை இங்கிலாந்துக்காக 27 டெஸ்ட், 189 விக்கெட். டெஸ்டுக்குச் சரியாக ஏழு. ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன், அதாவது சராசரி, 16.43. 1913-14இல் தென்னாப்பிரிக்கா போய் நான்கே டெஸ்டில் 49 விக்கெட் எடுத்தார். ஐந்தாவது டெஸ்டில் ஆடவே இல்லை. இருந்தும் ஒரு தொடரில் அதிக விக்கெட் என்ற சாதனை 100 ஆண்டு கடந்தும் அவரிடமே இருக்கிறது. அப்போது அவருக்கு வயது 40. "அங்கே பாய் விரித்த பிட்ச், பந்து தானாகத் திரும்பும்" என்று சிலர் சொல்வார்கள். வார இறுதியில் செயற்கைத் தளத்தில் ஆடுகிறவன் என்பதால் அதை நானும் ஒப்புக்கொள்கிறேன், பந்து கடித்து எழும்பும். ஆனால் அதே பாயில்தான் அதே தொடரில் மற்ற பந்துவீச்சாளர்களும் வீசினார்கள். அவர்கள் யாரும் இந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வரவில்லையே. நடுத்தர வேகத்தில் ஓடி வந்து, விரலால் பந்தை இரண்டு பக்கமும் திருப்பிய ஆள். வேகம், சுழல் என்ற பிரிவுக்குள்ளேயே அடங்காத ஒருவர் என் அணியில் இருக்க வேண்டும்.

அடுத்து, சுழலுக்கு முரளியா ஆஸ்திரேலியாவின் ஷேன் வார்னேயா. சிங்கப்பூரில் இதைத் தமிழர்கள் நடுவே பேச ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிவிடும். பாலஸ்டியர் சாலையில் சிலோன் ஸ்போர்ட்ஸ் கிளப்பும் இந்தியன் அசோசியேஷனும் அருகருகே இருக்கின்றன. இலங்கை வம்சாவளி அங்கிள் ஒருவரும் சென்னையிலிருந்து வேலைக்கு வந்த நண்பர் ஒருவரும் என்னோடு ஆட்டம் பார்த்த பிறகு, காப்பிக் கடையில் உட்கார்ந்து பேசியது இன்னும் நினைவிருக்கிறது. நண்பர் எண்களோடு வந்தார். முரளியின் 800இல் 176 விக்கெட் ஜிம்பாப்வேயும் பங்களாதேஷும் கொடுத்தவை, ஆஸ்திரேலிய மண்ணில் 5 டெஸ்டில் வெறும் 12 விக்கெட் என்றார். இரண்டும் உண்மை. அங்கிள் தன் தே தாரிக் டீயைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி, வார்னே பந்து போடும்போது அந்தப் பக்கம் மெக்ரா, அவர் போனால் கில்லஸ்பி. பேட்ஸ்மேனுக்கு மூச்சுவிட நேரமில்லை. முரளிக்கு அந்தப் பக்கம் யார்?"

"வாஸ் இருந்தாரே, அங்கிள்."

"இருந்தார். வாஸுக்குப் பிறகு?"

நண்பர் பதில் சொல்லவில்லை. நான் அன்றே முடிவு செய்துவிட்டேன். அந்த 176ஐக் கழித்தாலும் 108 டெஸ்டில் 624 விக்கெட் மிஞ்சுகிறது. டெஸ்டுக்கு ஆறு பக்கம். 1998இல் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்தின் 20 விக்கெட்டில் 16 இவருடையது, இரண்டாவது இன்னிங்ஸில் மட்டும் 65 ரன்னுக்கு 9. வார்னேக்கு ஒரு நாள் சரியில்லை என்றால் அணியில் வேறு மூவர் இருந்தார்கள். முரளிக்குச் சரியில்லை என்றால் இலங்கைக்கே சரியில்லை. அந்தச் சுமையோடு 18 ஆண்டு வீசியவர். 1995 பாக்சிங் டே டெஸ்டில் மெல்போர்னில் பந்தை எறிகிறார் என்று நடுவர் ஏழு முறை நோபால் கொடுத்து அவமானப்படுத்திய பிறகும், ஒரு கெட்ட வார்த்தை சொல்லாமல் அடுத்த பந்தைப் போட்டவர். கண்டியில் பிறந்த தமிழர் என்பதால் எனக்குப் பாசம் உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் பாசம் இல்லாதவர் தேர்ந்தெடுத்தாலும் இந்த வாதம் நிற்கும் என்று நம்புகிறேன்.

மார்ஷலுக்கு நான் அதிகம் வாதாடத் தேவையில்லை. 376 விக்கெட், சராசரி 20.94. வேகப்பந்து வீச்சாளருக்கு உயரம் வேண்டும் என்பார்கள், இவர் ஆறடிகூட இல்லை. 1984இல் லீட்ஸில் இடது கட்டைவிரல் எலும்பு முறிந்த நிலையில், மறுமுனையில் இருந்த சக வீரர் கோம்ஸ் சதம் அடிக்க வேண்டும் என்பதற்காக ஒற்றைக் கையில் மட்டை பிடித்து இறங்கினார். பிறகு கையில் கட்டோடு 53 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார். செத்த பிட்ச் என்று எல்லோரும் குறைசொல்லும் இந்தியாவில் 1983இல் ஆறு டெஸ்டில் 33 விக்கெட். அக்ரம் இடது கை, பழைய பந்திலும் பேட்ஸ்மேனைத் திணறடிப்பவர், எட்டாவதாக இறங்கி 257 அடித்தவர். போதும்.

சச்சினை எடுத்ததற்குக் காரணம் 51 சதம் இல்லை, சேப்பாக்கம். அங்கே அவருக்கு ஐந்து டெஸ்ட் சதம். 1998இல் வார்னே வருகிறார் என்றதும், லெக் ஸ்டம்புக்கு வெளியே பிட்சைக் கீறிவைத்து, அதில் லக்ஷ்மன் சிவராமகிருஷ்ணனைப் பந்து போடச் சொல்லிப் பயிற்சி எடுத்தார். முதல் இன்னிங்ஸில் 4 ரன்னில் வார்னே வீழ்த்திவிட்டார். இரண்டாவது இன்னிங்ஸில் ஆட்டமிழக்காமல் 155. ஒரு பந்துவீச்சாளருக்காக முன்கூட்டியே உட்கார்ந்து யோசித்து, மைதானத்தில் அதைச் செய்தும் காட்டினார். எனக்கு அந்தப் புத்தி வேண்டும். அடுத்த ஆண்டு அதே மைதானத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக முதுகுவலியோடு 136. வெற்றிக்கு இன்னும் 17 ரன் இருக்கும்போது சக்லைன் பந்தைத் தூக்கி அடிக்க, அது அக்ரம் கையில் போய் விழுந்தது. 254இல் ஏழாவது விக்கெட், 258இல் ஆட்டமே முடிந்தது. தோற்ற பிறகும் சென்னைக்காரர்கள் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டினார்கள். அந்தக் கேட்ச் பிடித்த கேப்டனும், அவுட்டானவரும் ஒரே அணியில் ஆடுவதை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது.

கவாஸ்கர் விஷயமும் சேப்பாக்கத்தில்தான் முடிவாகிறது. 1983 டிசம்பர். அந்தத் தொடரில் கான்பூரில் மார்ஷல் போட்ட பந்தில் கவாஸ்கரின் மட்டையே கையிலிருந்து தெறித்துப் போனது. சென்னையில் தொடக்கத்தில் இறங்காமல் நான்காவதாக வருவது என்று முடிவெடுத்தார். மார்ஷல் வந்த வேகத்தில் இரண்டு பேரைச் சாய்க்க, ஸ்கோர் 0க்கு 2. ஆக, நான்காவது ஆளாக இறங்கியும் தொடக்க ஆட்டக்காரர் வேலைதான். அன்று தொடங்கி ஆட்டமிழக்காமல் 236. பிராட்மேனின் 29 சதத்தைத் தாண்டிய 30வது சதம் அது. ஹெல்மெட் இல்லாமல், அந்தக் காலத்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக மட்டும் 13 சதம். மறுமுனையில் ஹாப்ஸ். 46 வயதில் மெல்போர்னில் 142 அடித்தவர், அந்த வயதுச் சாதனை இன்றுவரை கலையவில்லை.

பிராட்மேனைப் பற்றி ஒரே ஒரு எண் போதும். குறைந்தது 20 இன்னிங்ஸ் ஆடி ஓய்வு பெற்றவர்களில் அவருக்கு அடுத்து நிற்பவர்களின் சராசரி எல்லாம் 60ஐ ஒட்டியே இருக்கிறது. இவருடையது 99.94. இவரை அடக்குவதற்கென்றே 1932-33இல் உடம்பைக் குறிவைத்துப் பந்து வீசும் திட்டம் போட்டு வந்தார்கள். அந்தத் தொடரிலும் 56க்கு மேல். மற்றவர்களுக்கு அது வாழ்நாள் சாதனையாக இருந்திருக்கும்.

ரிச்சர்ட்ஸா லாராவா என்பதில் எனக்கு உண்மையிலேயே இரண்டு மனசு. 400ம் 375ம் அடித்தவரை வெளியே வைப்பது கஷ்டம். ஆனால் ஐந்தாவது இடத்தில் வருகிறவர் வந்ததும் எதிரணி களத்தடுப்பை மாற்ற வேண்டும். ரிச்சர்ட்ஸ் தொப்பியோடு நடந்து வரும்போதே அது நடந்துவிடும். சோபர்ஸ் இருப்பதால்தான் நான்கு பந்துவீச்சாளரோடு என்னால் நிறுத்த முடிகிறது. அவர் வேகமும் போடுவார், இடது கைச் சுழல் இரண்டு வகையும் போடுவார், 365ம் அடிப்பார். இம்ரான் கானுக்கு இடமில்லாமல் போனதற்கும் அவரே காரணம்.

கீப்பருக்கு ஆலன் நாட் என்று பலர் சொல்வார்கள். கையைப் பொறுத்தவரை அவர்தான் சுத்தம். ஆனால் வார்னேக்குப் பின்னால் பல ஆண்டு நின்று பழகிய கில்கிறிஸ்ட், முரளியையும் சமாளிப்பார். 1999இல் ஹோபார்ட்டில் 369 ரன் துரத்தும்போது 126க்கு 5 என்ற நிலையில் இறங்கி 149 அடித்து ஜெயித்துக் கொடுத்தவர். அன்று எதிரே பந்து வீசியவர்களில் அக்ரமும் ஒருவர்.

பும்ராவை ஏன் விட்டீர்கள் என்று கருத்துப் பெட்டியில் கேட்பீர்கள். 200 விக்கெட்டைத் தொட்டபோது 20க்குக் குறைவான சராசரி வைத்திருந்த ஒரே ஆள் அவர். இன்னும் ஆடிக்கொண்டிருப்பவரை இந்தக் கூட்டத்தில் சேர்ப்பதில்லை என்று வைத்திருக்கிறேன், அவர் ஓய்வு பெற்ற பிறகு பார்ன்ஸின் இடம் ஆட்டம் காணலாம். அஸ்வினின் 537 விக்கெட்டும் ஆறு சதமும் எனக்குத் தெரியும். இந்திய அணி மட்டும் என்றால் முதலில் எழுதும் பெயர் அவருடையதாக இருக்கும்.

12வது ஆளாக ஏக்நாத் சோல்கரைச் சேர்க்கிறேன். 27 டெஸ்டில் 53 கேட்ச், முக்கால்வாசி பேட்ஸ்மேனை ஒட்டி நிற்கும் ஷார்ட் லெக்கில், ஹெல்மெட் இல்லாமல். முரளி பந்தைக் கையில் எடுத்ததும் ஹாப்ஸை உள்ளே அனுப்பிவிட்டு இவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தலாம்.